சுயம்புவுக்குக் கட்டம் இல்லை

ஐம்பதுகளில் பாளையங்கோட்டையில் சுயம்பு என்று ஒருவன் கிரிக்கெட் ஆடினான். பேட் பிடித்தால் முட்டைதான். ஆனால் பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், பாயிண்ட்டில் அவன் நின்றால் அந்தப் பக்கம் அடித்த பந்து தாண்டாது. வயசாகிவிட்டது, அடுத்த வருஷம் ஆட முடியாது. அப்படிப்பட்டவனைக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் எடுக்கவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

கேப்டன் ராஜநாயகம் பந்துவீச்சாளன். ஊரில் பெரிய புள்ளி. "ரன் எடுக்கத் தெரியாதவனை வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

சுயம்பு நேரே வேதமாணிக்கம் வாத்தியாரிடம் வந்தான். அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். இப்போது டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறார். மைதானத்து ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, இது நியாயமா? முட்டி தேய விழுந்து விழுந்து பிடிச்சேனே, என்னத்தக் கண்டேன்?"

வாத்தியார் பென்சிலை அவன் கையில் கொடுத்தார்.

"உக்காருல. இன்னைக்கு நீ எழுது."

ஆட்டம் தொடங்கியது. ராஜநாயகம் வீசிய பந்தை பேட்ஸ்மேன் பாயிண்ட் பக்கம் வெட்டினான். சுயம்புவின் இடத்தில் நின்ற புது ஆள் குனிவதற்குள் பவுண்டரி.

"நாலு" என்றார் வாத்தியார்.

சுயம்பு எழுதினான். அடுத்த பந்தும் அதே பக்கம். மறுபடியும் நாலு. அவன் எழுதிய வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

"நான் நின்னிருந்தா ஒத்த ரன் போயிருக்காது!"

"போகலைன்னா என்ன எழுதுவ?"

"புள்ளி."

"யார் கட்டத்துல?"

சுயம்பு நோட்டைப் பார்த்தான். ரன் போகாத பந்துக்கு வைக்கும் புள்ளி எல்லாம் பந்து வீசியவன் பேருக்கு நேரே இருந்தது.

"அடப்பாவி! அவன் பெரிய புள்ளி ஆனது நான் பிடிச்ச புள்ளியிலயா?"

"ஆமா" என்றார் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்து, பந்தை விரட்டிய புது ஆள் கால் பிசகி விழுந்தான். நடுமைதானத்திலிருந்து ராஜநாயகம் கையை ஆட்டிக் கூப்பிட்டான். "சுயம்பு! இவனுக்குப் பதிலா வந்து நில்லுல!"

சுயம்பு அசையவில்லை.

"நான் போய் ஒரு கேட்ச் பிடிச்சா என் பேரை எழுதுவீங்களா?"

"பதில் ஆள் பேரை எழுத மாட்டோம். 'சப்'னு போடுவோம்."

"சப்பா! அதுலயும் என் பேர் கிடையாதா? வெக்கம் மானம் உள்ளவன் போவானா வாத்தியாரே?"

"போக வேண்டாம். சும்மா எந்திரிச்சு நில்லு, போதும்."

சுயம்பு எழுந்தான். கோபத்தில் தொப்பியை இழுத்து மாட்டினான்.

எதிரணி பேட்ஸ்மேன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். எதிர்முனையில் நின்ற தன் கூட்டாளிக்குக் கேட்கும்படி அலறினான்.

"ஏலே, சுயம்பு வாரான்! இனி அந்தப் பக்கம் அடிக்காத! அடிச்சாலும் ஓடாத!"

சுயம்பு வாத்தியாரிடம் திரும்பினான்.

"இதை எழுதுங்க."

வாத்தியார் ஒடிந்த பென்சிலைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். அவருக்கும் கோபம்தான்.

"எழுதக் கட்டம் எங்கல இருக்கு? கட்டம் போட்ட பய எவனோ பேட்ஸ்மேன், இல்லேன்னா பந்து வீசுறவன். நீ போய் நில்லு. அவனுவ உன் பேரைக் கத்திக்கிட்டே கெடக்கட்டும்."