அடுப்பு ஐப்பசியில்தான்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றில், பங்குனி இருபத்தெட்டாம் நாள் அரசவை கூடி அடுத்த ஆண்டுக்கான மானியங்களை விவாதித்தது. ஏழு ஊர்க் கல்லூரிகளின் மானியம் பட்டியலில் கடைசியாக இருந்தது.

அது எப்போதும் கடைசிதான். யானைக்கொட்டில், கோட்டைச் சுவர், விருந்தினர் மாளிகை எல்லாம் முடிந்து கல்லூரிகளுக்கு வரும்போது உச்சிப்பொழுதாகிவிடும். அவையோர் பன்னிருவரும் பசியில் இருப்பார்கள். யாராவது குறைக்கச் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் தச்சும் மருத்துவமும் சமையலும் கற்க வருகிறவர்களுக்கான கல்லூரிகள் அவை. அவர்களுக்காகப் பேச அவையில் ஆளில்லை. விகடகவி குழைக்காதன் மட்டும் பேசுவான்.

இந்த ஆண்டு பாதி போதும் என்று கருவூலத் தலைவர் வில்லவராயர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார். பாதி ஆண்டு பாடம் நடத்தட்டும், பாதி அறிவும் அறிவுதானே என்பது அவர் வாதம். குழைக்காதன் மறுத்தான். இருவரும் மூன்று நாள் வாதாடியதில் மன்னருக்குத் தலைவலி வந்தது. விகடகவி வாய் திறக்காமல் அவையின் மனத்தை மாற்றிக் காட்டட்டும் என்று வில்லவராயர் தூண்டிவிட, மன்னருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று.

"மானியம் ஓலையில் பதியும்வரை ஒரு சொல் உன் வாயிலிருந்து வந்தாலும் தலைப்பாகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆடு மேய்க்கப் போகவேண்டும். சம்மதமா?" என்றார் மன்னர்.

குழைக்காதன் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்கு ஆட்டைக் கண்டால் பயம்.

மானிய நாளன்று அவைக்கான விருந்தைக் கல்லூரிச் சமையல் மாணவர்களே ஆக்கிப் போடுவது அந்நாட்டு வழக்கம். அன்று விடியலில் அவன் மடைப்பள்ளிக்குப் போனான். ஆசிரியை செண்பகவடிவின் பாடத்திட்ட ஓலையை எடுத்து, கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக் காட்டினான். பிறகு ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றினான். செண்பகவடிவு அவனை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

வழக்கமாக அவையில் கல்லூரி மானியத்தை எடுக்கும் நேரத்துக்குத் தாளிக்கும் மணம் அவைக்குள் வரும். அன்று வரவில்லை, யாரும் கவனிக்கவில்லை. வில்லவராயர் பாதி என்றார். தன் ஊருக்குப் பாலம் கிடைத்தால் சம்மதம் என்றார் ஒருவர். பாலம் கிடைத்தது. பன்னிருவரும் எழுந்து பந்திக்குப் போனார்கள்.

இலையில் ஊறவைத்த அரிசி இருந்தது. பக்கத்தில் அழகாக நறுக்கிய பச்சைப் புடலங்காய், கரைத்த புளி, ஒரு சிட்டிகை உப்பு.

"என்னம்மா இது, இன்றைக்கு ஏதாவது விரதமா?" என்று பரிமாறிக்கொண்டிருந்த செண்பகவடிவைக் கேட்டார் பாலம் வாங்கியவர்.

"இல்லீங்க ஐயா. பாதி வருஷப் பாடம். கழுவறது, நறுக்கறது, ஊறப்போடறது வரைக்கும் புரட்டாசிக்குள்ள முடிஞ்சிரும். அடுப்பு ஐப்பசியிலதான் வருது."

வில்லவராயர் முகம் சிவந்தது. "உனக்குமா அடுப்பு மூட்டத் தெரியாது?"

"எனக்குத் தெரியுங்க. ஆனா பாதிச் சம்பளத்துல அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு உத்தரவு இல்லீங்களே."

மன்னர் மேலாடையால் வாயை மூடிக்கொண்டார். பாலம் வாங்கியவர் ஓர் அரிசியைக் கடித்துப் பார்த்தார். உடனே முழு மானியம் என்று கை தூக்கினார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக வில்லவராயரின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது. அவர் கையும் உயர்ந்தது.

எழுத்தர் ஓலையில் பதியும்வரை குழைக்காதன் காத்திருந்தான். பிறகு மன்னர் அருகில் போய்க் குனிந்தான்.

"மன்னா, ரசத்தில் கொஞ்சம் மிளகு கூடுதலாகப் போடச் சொல்லலாமா?"

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்தினார். அடுப்பு மூட்டப்பட்டது. சாப்பாடு இரண்டு நாழிகை தாமதமானது.

மறு ஆண்டிலிருந்து கல்லூரி மானியம் பட்டியலில் முதலாவதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. யானைக்கொட்டில் கடைசிக்குப் போயிற்று.