மழைக்குப் பதில் சொன்ன ஓணான்

அந்தக் காலத்தில் ஓணானுக்குப் பேச்சு இருந்தது. இருந்தது என்றால் கொஞ்சநஞ்சமாக இல்லை, ஆளைப் பிடித்தால் விடாத பேச்சு. அத்தனையும் ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் என்பதுதான் வேடிக்கை.

வேலியப்பன் என்று ஓர் ஓணான். ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில், ஆவாரஞ்செடிக்கு அடியில் தட்டையான கல் ஒன்று கிடந்தது. விடிந்ததும் போய் அதில் உட்காருவான். வெயில் ஏறும்வரை சுற்றுமுற்றும் பார்ப்பான். வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி முள்ளாயியிடம் ஆரம்பித்துவிடுவான்.

"இன்றைக்கு ஆவாரையில் மூன்று மொட்டு. நேற்று இரண்டுதான்."

"அதை வைத்துக் குழம்பு வைக்கலாமா?" என்பாள் முள்ளாயி.

"தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. ஓரத்தில் கோரை தலைகாட்டுகிறது."

"உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா?"

கிடையாதுதான். ஆடிக் காற்றில் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மார்கழிப் பனியில் வால் விறைத்துப்போகும், அப்போதும் போவான். ஒரே இடம் மாதத்துக்கு ஒரு முகம் காட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைச் சொல்ல ஆள் தேடி அலைவான். தூரத்தில் அவன் தலை தெரிந்ததுமே தவளை தண்ணீருக்குள் குதித்துவிடும், கொக்கு கிளம்பிவிடும்.

ஒரு வருஷம் புரட்டாசி முடிந்து ஐப்பசியும் பாதி போய்விட்டது. மழையைக் காணோம். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தினமும் போய்ப் பார்த்தாலும் கல்லைச் சுற்றி அதே வெடிப்பு, அதே தூசி. வேலியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. மழை இப்படியே வராமல் நின்றுவிட்டால் ஏரியும் போச்சு, அதை நம்பிப் பிழைக்கிற அத்தனை பேரும் போச்சு.

கடைசியில் ஒருநாள் மழை வந்தாள். ஆனால் இறங்கவில்லை. மலை உச்சியில் கறுப்புச் சேலையோடு உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"வருஷா வருஷம் வருகிறேன். வந்தவளை யாராவது நிமிர்ந்து பார்த்தீர்களா? போன வருஷம் நான் எப்படி வந்தேன் என்று ஒருவராவது சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன். இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

தவளை முன்னால் வந்தது. "நீ வந்தாய், எனக்குக் கல்யாணம் ஆயிற்று."

"உன் கல்யாணத்தையா கேட்டேன்?"

"மீன் நிறையக் கிடைத்தது, தாயே" என்றது கொக்கு.

"அது உன் வயிற்றுக் கதை" என்று மழை எழுந்தேவிட்டாள்.

முள்ளாயி புருஷனை விலாவில் ஓர் இடி இடித்தாள். "தினம் தினம் என் காதைத் தின்றீர்களே, இப்போது மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா? போய்ச் சொல்லுங்கள்."

வேலியப்பன் கல்லின் மேல் ஏறினான்.

"போன ஐப்பசியில், உச்சிவெயில் சாய்ந்த பிறகு வந்தாய். முதல் துளி பக்கத்து எருக்கிலையில் விழுந்தது. இலையில் இருந்த தூசியைச் சுருட்டிக்கொண்டு கீழே உருண்டது. இரண்டாவது துளி என் மூக்கில்."

"மூக்கிலா?" மழை களுக்கென்று சிரித்துவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள். "அப்புறம்?"

"கார்த்திகையில் ஒருநாள் வெயிலையும் கூட்டிக்கொண்டு வந்தாய். மார்கழியில் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். மறுநாள் காலையில் சிலந்தி வலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாய். முள்ளாயியிடம் காட்டலாம் என்று கூட்டிவந்தேன். அதற்குள் காய்ந்துவிட்டது."

"நான் போன பிறகுமா அங்கே போனாய்?"

"போகாமல்? நீ விட்டுப்போன தண்ணீர் என்ன ஆகிறது என்று யார் பார்ப்பது?"

மழை குனிந்து அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. "எல்லாவற்றையும் சொல்" என்றாள்.

சொன்னான். மூன்று பகல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சொன்னான். தையில் தட்டான்கள், பங்குனியில் வெடித்த சேறு, சித்திரையில் உதிர்ந்த வேப்பம்பூ, எதையும் விடவில்லை. கழுத்து வீங்கிச் சிவந்துவிட்டது. சொல்லி முடித்தபோது மழை மலையைவிட்டு இறங்கி ஏரிக்கு மேலே வந்து நின்றாள்.

"வேலியப்பா, நான் வரட்டுமா?"

அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. இன்னொரு தரம் திறந்தான், காற்றுதான் வந்தது. தவளை கண்ணை மூடிக்கொண்டது. முள்ளாயி முந்தானையைக் கடித்தாள்.

வேலியப்பன் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து தலையை ஆட்டினான். ஒரு தரம் இல்லை, உடம்பே குலுங்க விடாமல் ஆட்டினான்.

கொட்டினாள் பாருங்கள்! மூன்றே நாளில் ஏரி நிரம்பி வழிந்தது.

போன குரல் திரும்பவே இல்லை. வீடு அமைதியாகிவிட்டது என்று முள்ளாயி இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள் விடிகாலையில் அவளும் கிளம்பிவிட்டாள். "தள்ளி உட்காருங்கள், நானும் பார்க்கிறேன்" என்று கல்லில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

மார்கழியில் மழை இந்தத் தடவை சொல்லிக்கொண்டு போனாள். "அடுத்த வருஷமும் கேட்பேன். எப்போது கேட்பேன் என்று சொல்லமாட்டேன். நீ தலையாட்டினால்தான் வருவேன்."

அன்று முதல்தான் ஓணான்கள், மழை எந்த நேரத்தில் கேட்டுவிடுவாளோ என்று கல்லின் மேலும் வேலியின் மேலும் ஏறி, கழுத்துச் சிவக்க வானத்தைப் பார்த்து, நமக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கின்றன.