இஞ்ஞாசி கொண்டுவந்த கப்

ஒட்டாந்துறை ஐஸ் ஃபாக்டரியில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து இதுவரை ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். "தண்ணியைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனால், தொட்டி நிரம்பி, வழிந்து, ரோட்டைத் தாண்டிக் கடலில் போய்ச் சேரும் வரை ஐந்து பேரும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

அவர்களில் இளையவன் இஞ்ஞாசி. கையில் எதுவும் நிற்காது. ஐஸ் பார் தூக்கித் தூக்கி மரத்துப்போன கை என்று அவன் சொல்வான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று ஊர் சொல்லும். கல்யாணமான ஒரே வருஷத்தில் வீட்டிலிருந்த கப் அத்தனையையும் கீழே போட்டு உடைத்தான். பன்னிரண்டாவது கப் உடைந்த அன்று அவன் பெண்டாட்டி பிலோமி துணிமணியைப் பையில் திணித்தாள்.

"உடையாத ஒரு கப் என்னைக்கு இந்த வீட்டுக்குள்ள வருதோ, அன்னைக்கு நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு, மணல்முனையில் இருக்கும் அப்பா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று மாதம் ஆயிற்று. கடையில் ஒரு கப் வாங்கி வந்தால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவனும் நினைத்தான். ஒன்று பஸ் ஸ்டாப்பில் போயிற்று, ஒன்று வாசற்படியில் போயிற்று, ஒன்று பூட்டைத் திறக்கக் கை மாற்றும்போது போயிற்று. எவர்சில்வரில் வாங்கலாம்தான், ஆனால் எவர்சில்வரில் வாங்கினால் அது டம்ளர் ஆகிவிடும், கப் ஆகாது. இஞ்ஞாசிக்கு பிலோமி என்றால் உயிர். அவள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் காபியை ஊற்றிக் குடித்துக்கொண்டே அழுவான்.

வருஷா வருஷம் ஒட்டாந்துறை ஐஸ் ஃபாக்டரிக்கும் மணல்முனை ஐஸ் ஃபாக்டரிக்கும் கபடிப் போட்டி நடக்கும். இந்த வருஷம் முதலாளியின் மருமகன் ரெக்ஸ், கனடாவிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தான். கூடவே ஒரு கடிதம். கம்ப்ரஸர் மெக்கானிக் கஸ்பார் அண்ணாச்சியிடம் மட்டும்தான் கண்ணாடி இருந்தது என்பதால் அவர்தான் எல்லாருக்கும் வாசித்தார்.

"அன்புள்ள அண்ணன்மாருக்கு. ஐஸ் உங்களிடம் நிறைய இருக்கிறது. ஆகவே இந்த வருஷம் ஐஸ் ஹாக்கி ஆடுங்கள். பெட்டியில் இருப்பவை கோல் காக்கிற கோலிக்கு உரிய சாமான்கள். எல்லாம் நான் ரெண்டு வருஷம் போட்டு ஆடியவை. உடம்புக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் ஆபத்து. எழுதியிருக்கிறபடியே செய்யவும்."

"எழுதியிருக்கிறபடியே" என்பதைக் கேட்டதும் ஐந்து பேருக்கும் மனசு குளிர்ந்தது. அவர்கள் திறமை காட்டக்கூடிய ஒரே துறை அது.

"கோலின்னா குண்டுல்லா?" என்றான் சவரி. "அதை உருட்டணும். நம்மள்ல யாரை உருட்டுதது?"

"ஜெயிச்சா கப் தருவாவளா அண்ணாச்சி?" என்று கேட்டான் இஞ்ஞாசி.

"போட்டின்னா கப் இல்லாமலா?"

"அப்ப என்னையே உருட்டுங்க" என்று முன்னால் வந்து நின்றான்.

கடிதத்தின் முதல் விதியை அண்ணாச்சி வாசித்தார். "முதலில் கப்பைப் போட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்."

பெட்டிக்குள் கப்பும் இருந்தது. கெட்டி பிளாஸ்டிக்கில், வாய் அகன்று, அடி கூம்பி, இரண்டு பக்கமும் பட்டை தைத்து. அது என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பறந்து வருகிற ரப்பர் வட்டு, ஓர் ஆண்மகனுக்குப் படக்கூடாத இடத்தில் பட்டுவிடாமல் இருக்க, கால்சட்டைக்கு உள்ளே வைத்துக் கட்டுவது. கடிதம் மாமனார் கண்ணில் படுமே என்று கூச்சப்பட்டு ரெக்ஸ் அதை விளக்கி எழுதவில்லை.

நீண்ட ஆலோசனை நடந்தது.

"ஜெயிச்ச பொறவுதான கப் தருவாவ? இங்க மொதல்லயே தந்துட்டாவளே" என்றான் தொம்மை.

"கனடாவுல ஆளுவளை நம்புவாவ. மொதல்ல கப்பைக் குடுத்துருவாவ, பொறவு நிதானமா ஜெயிச்சுக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

"சரி, போடுல இஞ்ஞாசி" என்றான் ரொசாரி.

இஞ்ஞாசியின் முகம் வெளுத்தது. கப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "கப்பைப் போட்டுப் போட்டுத்தான் என் பொண்டாட்டி போயிட்டா. தலையே போனாலும் இந்தக் கப்பை மட்டும் நான் போட மாட்டேன்."

அவன் கண் கலங்கியதைப் பார்த்து மற்ற நாலு பேரும் அந்த விதியை விட்டுக்கொடுத்தார்கள். எழுதியிருக்கிறபடி செய்யாமல் விடுவது அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கப்பை ஒரு துண்டில் சுற்றி, போட்டி முடிகிற வரை பத்திரமாக வைப்பது என்று முடிவாயிற்று.

இரண்டாவது விதி: "கால் பேடுகள் முதலில் முரண்டு பிடிக்கும். நன்றாகப் பழக்க வேண்டும்."

பேடுகள் இரண்டும் ஆள் இடுப்பு உயரத்தில், தடிமனாக இருந்தன. சவரி இரண்டுக்கும் கழுத்து என்று தோன்றிய இடத்தில் கயிறு கட்டினான். காலையிலும் சாயங்காலமும் கடற்கரையோரம் இழுத்துக்கொண்டு நடந்தான். தவிடும் தண்ணீரும் வைத்தான். மூன்றாம் நாள், "இடது பேட் சாது. வலதுதான் இன்னும் மூஞ்சி குடுக்க மாட்டேங்குது" என்று வந்து சொன்னான். வலது பேடைத் தனியே கூட்டிப்போய் இஞ்ஞாசி தன் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் சொன்னான். அதற்கப்புறம் அது முரண்டு பிடிக்கவில்லை.

மூன்றாவது விதி: "ஸ்கேட் போட்டுக்கொண்டு நின்றுதான் பேடின் உயரத்தை அளக்க வேண்டும்."

அளக்கிறவன் தொம்மை. ஆகவே அவன்தான் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு டேப்போடு நின்றான். நின்றான் என்று சொல்வது மரியாதைக்காக. ஏழு தடவை விழுந்து, ஏழு தடவையும் விழுந்த இடத்திலிருந்தே அளந்தான். ஏழு அளவையும் கூட்டிப் பார்த்தால் இஞ்ஞாசி ஒரு தென்னை மரத்தைவிடக் கொஞ்சம்தான் குட்டை என்று தெரிந்தது. பேட் தாராளமாகப் போதும் என்றார்கள்.

போதவும் செய்தது. இஞ்ஞாசியின் வயிறு வரை வந்து, நெஞ்சுக் கவசத்தை மேலே தள்ளி, அது போய் அவன் தாடையை முட்டியது.

"மூச்சு முட்டுது அண்ணாச்சி. பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்க."

அண்ணாச்சி கடிதத்தைப் பார்த்தார். நான்காவது விதி: "இறுக்கமாக இருந்தால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளவும்."

"எழுதியே இருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோல" என்றார்.

"ரொம்ப வலிக்கி அண்ணாச்சி."

"பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தன் வந்தா நாம அட்ஜஸ்ட் பண்ணலியா? மனசுதாம்ல பெருசா இருக்கணும்."

இஞ்ஞாசி பிலோமியை நினைத்துக்கொண்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டான். முகம் மட்டும் கொஞ்சம் ஊதா நிறமாயிற்று.

ஐந்தாவது விதி: "ஹெல்மெட்டை மாட்டும்போது கண்ணுக்கு நேரே கம்பி வரக்கூடாது."

ஹெல்மெட்டின் முன்பக்கம் முழுக்கக் கம்பிதான். மேலே தூக்கினாலும் கம்பி, கீழே இறக்கினாலும் கம்பி. கடைசியில் ரொசாரிக்குத்தான் வழி தோன்றியது. ஹெல்மெட்டை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினான்.

"இப்ப கண்ணுக்கு நேரே கம்பி தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல" என்றான் இஞ்ஞாசி உள்ளேயிருந்து.

"கம்பி தெரியுதாங்கதுதான் கேள்வி."

"தெரியல."

"அப்ப சரி."

ஆறாவது விதிதான் கடைசி. "ஒவ்வொரு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் இருக்க வேண்டும். ஆட்டம் முடியும் வரை இது மாறவே கூடாது."

தாடைப் பட்டைக்குள் தொம்மை தன் ஆள்காட்டி விரலை நுழைத்தான். நெஞ்சுப் பட்டைக்குள் சவரி. இடது கால் பட்டைக்கு ரொசாரி, வலது கால் பட்டைக்கு அண்ணாச்சி. கால் பட்டைக்காரர்கள் இருவரும் தரையில் படுக்க வேண்டியதாயிற்று.

"எப்ப விரலை எடுக்கணும்?" என்று ரொசாரி கேட்டான்.

"ஆட்டம் முடிஞ்ச பொறவு" என்றார் அண்ணாச்சி. "கண்டிசனா எழுதியிருக்கு."

போட்டி அன்று காலை ஆறு மணிக்கு, மீன் ஏலக்கூடத்தின் தரையில் முன்னூறு ஐஸ் பாரை நெருக்கி அடுக்கிக் களம் தயார் செய்திருந்தார்கள். ஐஸ் உருகித் தரை தெரிகிற வரை ஆட்டம் என்று பேச்சு. மணல்முனை அணிக்குத் தலைவர் யார் என்றால், லாசர். பிலோமியின் அப்பா. மூன்று மாதமாக மகள் தன் வீட்டில் வந்து இருப்பதால் மனிதர் இளைத்துப்போயிருந்தார். அவர் பீடியை எடுத்தால் பிடுங்குவாள்; மீன் வாங்கி வந்தால் செதிள் சரியில்லை என்று திருப்பி அனுப்புவாள்.

ஒட்டாந்துறை அணி ஒரே மொத்தையாக உள்ளே வந்தது. நடுவில் இஞ்ஞாசி, நாலு பக்கமும் நாலு விரல். கோல் வலைக்கு மேலே துண்டை விரித்து அதன்மேல் கப்பை வைத்துவிட்டு, கீழே அப்படியே அடைத்துக்கொண்டார்கள்.

நடுவராக வந்திருந்த பி.டி. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னங்கய்யா இது? ஒரு கோலிதானே இருக்கணும்?"

"ஒரு கோலிதான் சார்" என்றார் அண்ணாச்சி, தரையில் படுத்தபடியே. "நாங்க நாலு பேரும் விரலு."

மாஸ்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விசில் ஊதினார்.

மணல்முனைக்காரர்கள் தென்னை மட்டையால் வட்டை அடித்தார்கள். தொம்மை முதுகில் பட்டது, ரொசாரி மொட்டையில் பட்டது, அண்ணாச்சி இடுப்பில் பட்டது. வட்டு நுழைய வலையில் இடமே இல்லை. முன்னால் போய்க் கோல் போட ஒட்டாந்துறைக்கும் ஆள் இல்லை. ஐஸ் உருகி, கணுக்கால் தண்ணீரில் ஆட்டம் நடந்தது. அண்ணாச்சி தண்ணீருக்கு மேலே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு விரலை எடுக்காமல் கிடந்தார்.

கடைசியாக லாசரே மட்டையை வாங்கினார். மூன்று மாதக் கோபம் அத்தனையையும் சேர்த்து ஒரு அடி. வட்டு பறந்தது. தொம்மைக்கும் சவரிக்கும் நடுவே, அண்ணாச்சிக்கு மேலே, நேராகப் போய், கப் எங்கே இருந்திருக்க வேண்டுமோ அந்த இடத்தில், கப் இல்லாத இஞ்ஞாசியைக் கண்டுபிடித்தது.

இஞ்ஞாசி இரண்டாக மடிந்து, வட்டின் மேலேயே உட்கார்ந்தான். கோல் விழவில்லை.

"என்னல, வலிக்குதா?" என்று தொம்மை காதருகே கேட்டான்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்" என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல்.

தரை தெரிந்தது. மாஸ்டர் விசில் ஊதினார். சைபருக்கு சைபர்.

"ரெண்டு பக்கமும் சமம்" என்றார் லாசர். "கப்பைச் சரிபாதியா அறுத்துருவோம். ரம்பத்தை எடுங்கடா."

நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தன் ரம்பம் எடுக்கப் போயும்விட்டான். இஞ்ஞாசி ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கவட்டுக் காலோடு தத்தித் தத்தி ஓடிவந்து கப்பைக் கட்டிக்கொண்டான்.

"மாமா, அறுக்காதீங்க! முழுக் கப்பு வீட்டுக்கு வந்தாத்தான் பிலோமி வருவா. பாதிக் கப்புக்கு அவ வர மாட்டா மாமா!"

கப்பை வாங்க நீட்டிய லாசரின் கை நின்றது. அவர் பீடியை நினைத்தார். திரும்பிப் போன மீன்களை நினைத்தார்.

"முழுசும் உமக்குத்தான் மாப்ள" என்றார். "பத்திரமா கொண்டு போங்க. ஆனா ஒண்ணு, அந்தக் கப்புல மொத காபி எனக்கு."

வழியில் இஞ்ஞாசி கப்பை நாலு தடவை கீழே போட்டான். நாலு தடவையும் அது துள்ளி எழுந்ததே தவிர உடையவில்லை. வாக்குத் தவறாத பிலோமி மறுநாள் காலையிலேயே பையோடு வந்து இறங்கினாள். கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த சின்னத் துளைகளை சிமெண்டால் அடைத்தாள். "பரிசு வாங்கிட்டு வந்திருக்காவளே!" என்று அவள் சிரித்தபோது இஞ்ஞாசிக்குப் பட்ட அடியெல்லாம் பறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லாசர் வந்தார். ஃபாக்டரி ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். பிலோமி கப் நிறைய, நுரை ததும்பக் காபி ஊற்றி அப்பாவிடம் கொடுத்தாள். கீழே வைத்தால் நிற்காத கப் என்பதால் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எல்லாரையும் ஒரு முறை பெருமையாகப் பார்த்துவிட்டு, அவர் ஒரு வாய் உறிஞ்சினார். "உப்பா ஒரு ருசி. வெளிநாட்டுக் கப்புல்லா!" என்றார்.

அப்போது கனடாவிலிருந்து ரெக்ஸ் போன் பண்ணினான். இஞ்ஞாசி எடுத்தான்.

"போட்டி எப்படிண்ணே நடந்துது? கப் வசதியா இருந்துச்சா?"

"அருமையா இருக்கு தம்பி. இப்பதான் எங்க மாமா அதுல காபி குடிச்சிக்கிட்டு இருக்காவ."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றான் ரெக்ஸ் கடைசியில், "அது... அது இடுப்புக்குக் கீழ வைக்கிறதுண்ணே! இடுப்புக்குக் கீழ!"

இஞ்ஞாசி போனைக் கையால் பொத்திக்கொண்டான். தப்புச் செய்துவிட்டோமே என்று முகம் வாடிப்போயிற்று.

"மாமா, அதை இடுப்புக்குக் கீழ வச்சுத்தான் குடிக்கணுமாம்."

"அப்படியா? மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று லாசர் உடனே எழுந்தார். கப்பை முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்தார். இன்னும் குனிந்தார். நரம்பு புடைக்க, உதட்டை நீட்டி நீட்டிப் பார்த்தார். நாலு விரற்கடை எட்டவில்லை.

"எட்ட மாட்டேங்குதே, வே" என்று முனகினார்.

கஸ்பார் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்து, நான்காவது விதியில் விரலை வைத்தார்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க" என்றார்.