துண்டு பேச்சை நிறுத்திய நாள்

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அது இப்போது வராது. கொடியில் கிடக்கிற துணி மாதிரி, அதற்கும் ஒரு நேரம் உண்டு. அதற்கு முன்னால் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதையே.

அந்தக் காலத்தில் ஆட்டுக்கும் பறவைக்கும் மட்டுமல்ல, துவைத்த துணிக்கும் வாய் இருந்தது. கொடியில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். காய்ந்ததும் துணியே கூப்பிடும். வேட்டி கனத்த குரலில், "காஞ்சாச்சு, எடும்மா" என்று ஒரே ஒருமுறை சொல்லும். சின்னப் பிள்ளைகளின் பாவாடை, "காஞ்சுட்டேன், காஞ்சுட்டேன்" என்று தெருவையே கூட்டும். கோவணத்துக்கு மட்டும் கூச்சம். பக்கத்தில் தொங்குகிற துணிதான் அதற்காகவும் சேர்த்துச் சொல்லும். ஈரத்துணியை அப்போது யாரும் மடித்ததே இல்லை. அதனால் துவைத்த துணியில் கெட்ட வாடை என்று ஒன்று இருந்ததும் இல்லை.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன் உப்பு வண்டி ஓட்டுகிறவன். கடற்கரையில் உப்பு ஏற்றி மலையடிவாரம் வரை போவான், மறுபடி கடற்கரைக்குத் திரும்புவான். போகும்போது ஒரு மத்தியானம், திரும்பும்போது ஒரு மத்தியானம், அவ்வளவுதான் அவன் வீட்டில் இருப்பது. மாடுகள் தண்ணீர் குடித்து அசைபோட்டு முடித்ததும் வண்டிகள் வரிசையாகக் கிளம்பிவிடும்.

ஆடி மாதம் அவன் மலைப்பக்கம் புறப்பட்டபோது அங்காயி கேட்டாள். "வழிக்கு என்ன கட்டித் தரட்டும் மாமா? பொரிமாவு இடிச்சு வச்சிருக்கேன்."

"பொரிமாவு நாலு நாள்ல தீந்துடும். அந்தச் சிவப்புக்கரைத் துண்டைக் குடு."

"துண்டா? போற வழியெல்லாம் சந்தை. அங்க இல்லாத துண்டா?"

"துண்டு இருக்கும். நம்ம கொடியில காஞ்ச வாசம் இருக்குமா? ராத்திரி வண்டிக்கடியில படுக்கும்போது மூஞ்சியில போட்டுக்கிட்டா, வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

துண்டு கொடியிலிருந்து சொன்னது. "அண்ணே, கரை மட்டும் இன்னும் ஈரமா இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

வண்டிகள் பொறுக்கவில்லை. முன்வண்டி நகர்ந்தது, பின்வண்டிகளும் நகர்ந்தன. "கார்த்திகையில வருவேன், அப்ப எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சடையன் போய்விட்டான்.

அன்றிலிருந்து துண்டு தினமும் கேட்டது. "அக்கா, அண்ணன் எந்த ஊரு தாண்டியிருப்பாரு?"

"எனக்கு மட்டும் ஜோசியமா தெரியும்?" என்பாள் அங்காயி. ஆனால் சொல்லிவிட்டுத் தெருமுனையை ஒருமுறை பார்ப்பாள்.

அந்த வீட்டுக் கூரையில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. வால் மற்றப் பறவைகளுக்கு இருப்பது போல ஒற்றையாக இருந்த காலம் அது. அதற்குத் தெரியாத குரல் இல்லை. குட்டி மாதிரி கத்தி ஆட்டை அலையவிடும். பெண் காக்கை மாதிரி கூப்பிட்டு ஆண் காக்கையை மூன்று மரம் தாண்டி வரவழைக்கும். ஒருமுறை சடையனுடைய மாட்டுமணி மாதிரி கிணுகிணுத்தது. அங்காயி கையில் பிடித்த அகப்பையோடு தெருமுனை வரை ஓடினாள், நின்றாள், திரும்பி நடந்து வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த கரிச்சான் அந்த மணியை மட்டும் அதற்குப் பிறகு அடித்ததே இல்லை.

ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகை பிறந்து ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்தது. சடையன் வர இன்னும் பத்து நாள் இருந்தது. அங்காயி துண்டை ஆற்றில் அலசிக் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டு, மாவு ஆட்ட உட்கார்ந்தாள்.

மழையில் ஒரு மாதம் வாய்மூடிக் கிடந்த கரிச்சானுக்கு நாக்கு அரித்தது. அச்சுஅசல் துண்டின் குரலில், "காஞ்சுட்டேன் அக்கா, எடுத்து மடி" என்றது.

அங்காயி மாவுக்கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வந்து துண்டை எடுத்தாள். கையே ஈரமாக இருந்ததால் துண்டின் ஈரம் அவளுக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கிற பழக்கமும் அப்போது யாருக்கும் கிடையாது. துணிதான் சொல்லுமே.

"அக்கா, கூப்பிட்டது நான் இல்ல. நான் இன்னும் காயல" என்று துண்டு பதறியது.

அவள் முதுகுக்குப் பின்னால் கொடியில் வந்து உட்கார்ந்த கரிச்சான், துண்டே பேசுவது போல அதே குரலில் சொன்னது. "சும்மா சொன்னேன் அக்கா. அண்ணன் வர்ற வரைக்கும் பெட்டிக்குள்ள படுத்துக்கிடறேன். வெளிய தொங்கினா தெருவையே பாக்கத் தோணுது."

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் ஏமாந்தாள். "உனக்கும் என் வியாதி வந்துடுச்சா" என்று துண்டை மடித்தாள். வெயில் வாசம் வெளியே போய்விடக் கூடாது என்று மரப்பெட்டியின் அடியில் வைத்து மூடினாள். அவன் வரும் வரை திறப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் உண்மையைச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் கரிச்சான் நினைத்திருந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அதற்கே மறந்துவிட்டது.

பெட்டிக்குள் துண்டு மறக்கவில்லை. "அக்கா, நான் காயல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மூடி கனம், கூரைமேல் மழைச் சத்தம். ஐந்தாம் நாள் குரல் கம்மியது. ஒன்பதாம் நாள் குரலே இல்லை. வாய்வழியே வெளியே வர முடியாத அந்தச் சொல்லெல்லாம் இழை இழையாக ஊறி, வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. மாட்டுமணி கேட்டது. அங்காயி முதலில் கூரையைத்தான் பார்த்தாள். கரிச்சான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படியானால் இது நிஜ மணி.

சடையன் கால் கழுவி, முகம் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். "குடு. மலையிலிருந்து இதை நினைச்சுக்கிட்டேதான் வர்றேன்."

அவள் பெட்டியைத் திறந்து, பார்க்காமலே அடியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அவன் முகத்தைத் துண்டில் புதைத்தான். புதைத்தவன் நெடுநேரம் எடுக்கவில்லை. அவள் அவன் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்காக நின்றாள்.

"இது யாரு வீட்டுத் துண்டு?" என்றான் மெதுவாக.

"கரையைப் பாருங்க மாமா. உங்க துண்டுதான்."

"கரை நம்மதுதான். வாசம் நம்மது இல்லையே."

அவள் வாங்கி முகர்ந்தாள். உலகத்தில் முதன்முதலாக அந்த மக்கின வாடையை முகர்ந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். "என்ன ஆச்சு உனக்கு?" என்று துண்டைக் கேட்டாள். "அண்ணன் வந்திருக்காரு பாரு. தினமும் கேட்டியே, இப்பப் பேசு." துண்டு பேசவில்லை. விரித்தாள். இன்னும் கொஞ்சம் வாடைதான் வந்தது.

"வண்டி கிளம்ப எவ்வளவு நேரம்?"

"மாடு அசைபோடற நேரம்."

இந்தத் தடவையும் அவனை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வெந்நீர் வைத்தாள். உவர்மண் கரைத்தாள். எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிழிந்துவிட்டாள். முக்கி, கசக்கி, மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள். பிழியத் தூக்கினாள். முழங்கை வழியே தண்ணீர் கொட்டியது. கொடிப்பக்கம்கூட அவள் இன்னும் திரும்பவில்லை.

நான் சொன்ன இடம் இதுதான்.

கூரையிலிருந்த கரிச்சானுக்கு நாக்கு நிற்கவில்லை. துண்டையும் அங்காயியையும் சேர்த்துப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"காஞ்சுட்டேன் அக்கா, எடுத்து மடி."

அங்காயி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். அது அருவி மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்தாள். திறந்த வாயை மூடவும் தெரியாமல் கரிச்சான் உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்கும் நீதானா" என்றாள்.

சொன்ன வேகத்தில் ஈரத்துண்டை உதறினாள். சடீர் என்று ஓர் அடி. பறக்க எழுந்த கரிச்சானின் வால் நடுவில் பிளந்து இரண்டாகத் தொங்கியது. அது தன் வாலைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பறந்ததைக் கண்டு சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டான், அப்படி ஒரு சிரிப்பு. அங்காயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துண்டிடம், "நீயும் சிரியேன்" என்றாள். அது சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் நின்றது.

உதறிய உதறலில் பாதி வாடை போயிருந்தது. மீதியை எடுக்க வெயில்தான் வேண்டும், நேரமோ இல்லை. சடையன் ஈரத்துண்டை வண்டிக் கூண்டின்மேல் விரித்துக் கட்டிக்கொண்டான். "போற வழியில காஞ்சுக்கும். மேல பட்டிருக்கிறது நம்ம வாசல் வெயில்தானே" என்றான். வண்டிகள் கிளம்பின. அங்காயி தெருமுனையில் நின்றாள். காய்ந்ததும் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும் என்று காதைக் கொடுத்து, சிவப்புக்கரை கண்ணுக்கு மறையும் வரை நின்றாள்.

கரிச்சான் கொடியில் வந்து உட்கார்ந்தது. அவள் எந்தக் குரலுக்காக நிற்கிறாள் என்று அதற்குத் தெரியும். அந்தக் குரல் அதன் தொண்டையிலேயே இருந்தது. அது வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு வால் இரண்டாகவும், உண்மைக் குரலை நம்ப ஆளில்லை என்று எல்லாத் துணியும் பேச்சை விட்டு வாடையால் முறையிடுவதாகவும் ஆனது. அன்று முதல்தான் நாமும் கொடியில் போடுமுன் துணியை ஓங்கி உதறுகிறோம், மடிக்குமுன் கன்னத்தில் வைத்து, காஞ்சுட்டியா என்று கேட்பது போல ஒரு கணம் நிற்கிறோம்.