கீதாரி விற்காத ஆடு

மாடக்கண்ணு ஆட்டு வியாபாரத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு ஓடைக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு உலகம்மைக்கு அவரைவிட வயது குறைவு. அவர் குருவை ‘அம்மா’ என்பார், குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அதிலேயே அவருக்குப் பாதிக் குழப்பம்.

மீதிப் பாதி ஒருநாள் காலையில் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மனைவி பூரணம் ஆள் அனுப்பியிருந்தாள். வருவதென்றால் இன்றைக்கே வர வேண்டும், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டோடு போய்விடுவாள். அப்புறம் வந்து கதவைத் தட்டக் கூடாது. பூரணம் சொன்னால் சொன்னதுதான்.

மாடக்கண்ணு குருவிடம் ஓடினார்.

“அம்மா, என்னை இங்க என்னத்துக்கு வச்சிருக்கீங்க? ஒருத்தன் பாடுதான், ஒருத்தன் ஏடு படிக்கான். நான் வெறகு ஒடைக்கேன். எனக்குன்னு ஒரு காரியம் இருந்தாச் சொல்லுங்க, இருந்துருதேன். இல்லேன்னா வீட்டுக்குப் போயிருதேன்.”

உலகம்மை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

“ஓடைக்கு அங்கிட்டு ஆட்டுக் கெடை போட்டிருக்காங்க. போயி மடத்துக்கு ஒரு ஆடு பாத்துட்டு வாங்க.”

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறாரே என்று நினைத்தார் மாடக்கண்ணு. ஆனாலும் ஆடு என்றதும் பழைய கை அரித்தது.

“பாலுக்கா, கறிக்கா?”

“பாத்துட்டு வாங்க.”

வழியெல்லாம் யோசித்தார். பாலுக்கென்றால் தலைச்சேரி. குட்டிக்குக் கன்னி ஆடு, ஈத்துக்கு இரண்டு போடும். கறிக்கும் தோலுக்கும் சேலம் கறுப்பு. நெடுந்தூரம் நடக்கக் கொடி ஆடு. ஆட்டுக்கு ஆடு வேலை பிரித்து வைத்த உலகத்தில் தனக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்று அழுகை வந்தது.

கிடையில் எல்லாம் செம்மறி. நடுவில் ஒரே ஒரு வெள்ளாடு, உயரமான கிழட்டுக் கொடி ஆடு. உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்த்தார், தேய்ந்திருந்தது. மடியைத் தொட்டார், வற்றியிருந்தது. கறிக்குத் தள்ள வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டு, விரல் பிடித்துப் பேரம் பேசக் கைமேல் துண்டைப் போட்டார். மந்தைக்குத் தலைவரான கீதாரி இருளப்பன் கையை நீட்டவில்லை.

“இது விக்கதுக்கில்ல.”

“பல்லுப் போன ஆட்ட வச்சு என்னய்யா செய்யப் போறீரு?”

“செத்த இரும், பாக்கலாம்.”

மேற்கே இடித்தது. ஓடையில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கிடையை மடத்துக் கரை மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். செம்மறிகளோ ஒன்றன் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. கம்புக்கும் அசையவில்லை, கத்தலுக்கும் அசையவில்லை. கிழட்டு ஆடு எதிர்க்கரையை ஒரு பார்வை பார்த்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தது. அதன் பின்னால் மந்தை முழுக்க இறங்கியது. கடைசியாக மாடக்கண்ணும் இறங்கினார்.

மடத்துக்கு நனைந்தபடியே ஓடி வந்தார்.

“வெளங்கிருச்சும்மா. பாலுக்கில்ல, கறிக்கில்ல. வழிகாட்டதுக்குன்னே ஒரு ஆடு. என்னையும் அதுக்குத்தான வச்சிருக்கீங்க?”

“கரையேறுன ஒடனே அந்த ஆடு என்ன செஞ்சுது?”

“வேலமரத்தடிக்கு ஓடிச்சு. காத்துக்குக் காய் கொட்டிக் கெடந்துது. தின்னுச்சு.”

“மந்தையைத் திரும்பிப் பாத்துச்சா?”

“இல்லையே.”

“அப்ப என்னத்துக்குத் தாண்டிச்சு?”

மாடக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆடு காய்க்குத்தான் தாண்டியது. ஆனால் மந்தை கரையேறியதும் பொய்யில்லை.

“அப்படின்னா அது வழி காட்டலையா?”

“கீதாரிக்குக் காட்டிச்சு. அவருக்கு அது போதும்.”

“ஆட்டுக்கு?”

“காய்.”

மாடக்கண்ணுக்குத் தலை சுற்றியது. வந்த சந்தோஷமும் போய், காலையில் இருந்த குழப்பமே திரும்பி வந்தது.

“அம்மா, பூரணம் அனுப்புன ஆளு இன்னும் வாசல்ல நிக்கான். நான் என்னத்துக்கு? அதை மட்டும் சொல்லிருங்க.”

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“நான் உங்கள வச்சிருக்கது வெறகு ஒடைக்க. அது எனக்கு வேணும். நீங்க என்னத்தைப் பாத்து அண்ணாச்சி ஓடையைத் தாண்டி வந்தீங்க?”

மாடக்கண்ணு யோசித்தார். விட்டு வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பார்த்து வந்தது எது என்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.