டம் டம் என்றால் தண்ணீர்

முன்பொரு காலத்திலே, மலை உச்சியில் அரண்மனையையும் அடிவாரத்தில் சமையற்கட்டையும் கட்டிக்கொண்ட ஒரு ராஜா இருந்தார். ஏன் அப்படிக் கட்டினார் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மேலே முரசு அடித்தால் கீழிருந்து ஆள் வரும், அதுதான் ஏற்பாடு.

எந்த அடிக்கு என்ன பொருள் என்று வகுத்தவன் விகடகவி வேம்பன். ராஜாவுக்குப் பாயசம் பிடித்துப்போனால் அதற்கு ஓர் அடி சேர்ப்பான். முதுகு அரித்தால் அதற்கும் ஓர் அடி. ராஜா ஒவ்வொரு தடவையும் “பலே!” என்பார். அந்தப் பலே ஒவ்வொன்றும் அமைச்சர் சிற்றம்பலவாணரின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டும். படித்தவர் இவர், பலே வாங்குகிறவன் அவனா?

ராப்பகலாக உட்கார்ந்து அமைச்சர் ஒரு முரசு இலக்கணம் செய்தார். அடிப்படை அடிகள் சிலதான். கோத்து அடித்தால் எதையும் சொல்லலாம்.

“பிரபு, வேம்பன் வைத்த அடிகள் புற்றீசலாய்ப் பெருகிவிட்டன. நேற்றுத் தாங்கள் நெய் கேட்க, முரசுக்காரன் மறந்துபோய் மாற்றி அடித்து, பந்தியில் குதிரை வந்து நின்றது. அடியேன் முறையில் சொல்ல முடியாதது எதுவுமே இல்லை.”

குதிரை வந்தது நிஜம். ராஜா யோசித்தார். “சரி, நாளை முதல் உமது முறைதான். வேம்பா, நீயே அடி. பழைய அடி ஒன்று விழுந்தாலும் நாடு கடத்துவேன்.”

அன்றைக்கு அமைச்சருக்கு வெறும் சோறே இனித்தது.

மறுநாள் ராஜா பச்சைமிளகாயைக் கடித்துவிட்டார். குவளையோ காலி.

“தண்ணீர்!”

வேம்பன் நிதானமாக அடித்தான். மேலே ஒருவர். அவருக்கு ஒரு வாய். வாயில் எரிச்சல். கீழே ஒரு குழி. குழியில் நிறமில்லாத ஒன்று… ஒரு பிழையாவது விழாதா என்று அமைச்சர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விழவில்லை. ராஜாவுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின.

“பழைய அடியை அடிடா!”

“நாடு கடத்துவீர்களே, பிரபு. இன்னும் குவளை பாக்கி.”

ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. ராஜா குடித்து முடித்தும் வேம்பன் நிறுத்தவில்லை.

“இன்னும் என்ன?”

“எதையும் சொல்லலாம் என்றாரே அமைச்சர்! ‘இனிமேல் டம் டம் என்றால் இவ்வளவு நேரம் சொன்னது அத்தனையும்’ என்று அவர் முறையிலேயே சொல்லிவிட்டேன். மறந்தவன் நீட்டி அடிக்கட்டும். தெரிந்தவன் சுருக்கி அடிக்கட்டும்.”

டம் டம். அடுத்த குவளை ஓடி வந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த இரட்டை வட முத்துமாலையைக் கழற்றி வேம்பனிடம் கொடுத்தார்.

அமைச்சர் திகைத்து நின்றார். தாம் செய்த இலக்கணத்துக்குள்ளேயே அந்த வழி இருந்தது. தமக்குத் தோன்றவில்லை, அந்தப் பயலுக்குத் தோன்றியிருக்கிறது! அதுகூடப் பரவாயில்லை. வேம்பன் ஒரு வடத்தைப் பிரித்து அவர் கழுத்திலேயே போட்டான்.

“ஐயா முறை இல்லையென்றால் என்னால் இதைச் சொல்லியே இருக்க முடியாது, பிரபு.”

“பலே!” என்றார் ராஜா, அவனைப் பார்த்து.

வீட்டுக்கு வந்தும் அமைச்சருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. தொண்டை வறண்டது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தூணில் சாய்ந்தவர் கை, அவரை அறியாமலேயே, தூணை இரண்டு தட்டுத் தட்டியது.

மனைவி செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

“ஊரே இப்போ இப்படித்தான் கேக்குதுங்க” என்றாள். “வேம்பன் புத்தியே புத்தி!”

அமைச்சர் வாங்கிக் குடித்தார்.