வேங்கை சொன்ன சாட்சி

மலையடிவார ஜமீன் ஒன்றில் முதிர்ந்த வேங்கை மரம் இருந்தது. நீரிழிவுக்காரரான ஜமீன்தார், அதன் வைரக்கட்டையில் கடைந்த குவளையில் ஊறிய தண்ணீரைத்தான் தினமும் குடிப்பார். ஒருநாள் யாரோ அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

“காவல்காரி எல்லக்காள் வேலைதான் இது. மலையை விட்டே துரத்துங்கள்!” என்று ஜமீன்தாரின் சபையில் முழங்கினார் மணியக்காரர் சிங்கமுத்து.

“நான் வெட்டலை சாமி. அந்த மரமே சாட்சி,” என்றாள் எல்லக்காள்.

மணியக்காரர் சிரித்தார். “அப்படியா? மரத்தைக் கூப்பிடு. வந்து சொல்லட்டும்.”

“அது உங்க வேட்டியில ஏறி முன்னாடியே வந்திருச்சுங்க, ஐயா.”

எல்லோரும் பார்த்தார்கள். வேட்டிக் கரையோரம் சிவப்புச் சிவப்பாய்க் கறை.

“இது கோயில் குங்குமம்,” என்றார் மணியக்காரர், அசராமல்.

எல்லக்காள், குதிரை லாயத்துத் துருப்பிடித்த இரும்புத் தொட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தன் நெற்றிக் குங்குமத்தை முந்தானையில் தேய்த்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அதன்மேல் ஊற்றினாள். சிவப்பாகவே கரைந்தது. ஜமீன்தார் தலையசைக்க, மிச்சத்தை மணியக்காரரின் வேட்டியில் ஊற்றினாள். கறை மைபோலக் கறுத்தது.

“வேங்கைப் பட்டையை வெட்டினா ரத்தமாட்டம் பால் வடியும் சாமி. அவ்வளவும் துவர்ப்பு. இரும்புத் துரு பட்டா கறுத்துரும். காய்ஞ்ச கிளை கழிச்சுக் கழிச்சு என் அரிவாளும் இப்படித்தான் கறுத்துக் கிடக்கு.”

மணியக்காரர் பதறித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு பரவியது.

“தேய்க்காதீர்,” என்றார் ஜமீன்தார். “தேர்த்திருவிழா முடியும்வரை இதே வேட்டியோடுதான் நீர் ஊருக்குள் நடக்க வேண்டும்.”

எல்லக்காள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். உட்கார்ந்திருந்த சபை எழுந்து அவளுக்கு வழிவிட்டது.